நடுவில் ஒரு பிளாஸ்க்

பிளாஸ்க்கைத் தரையில் வைத்து, மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று திருகிப் பார்த்துவிட்டு, அதற்கு ஒரு வணக்கம் போடுகிறார் பியன் ஷோஷான். சாதாரணக் கும்பிடு இல்லை. வலக்கையை மூடி இடது உள்ளங்கையால் பொத்தி நெஞ்சுக்கு நேரே நீட்டுகிற வணக்கம். சண்டைக்கு முன் எதிராளிக்கு வைப்பது. பிறகு அதைச் சுற்றி நடக்கத் தொடங்குகிறார். முழங்கால் மடங்கியிருக்கிறது. இடுப்பு பிளாஸ்க்கின் பக்கமாகத் திருகியிருக்கிறது. ஒரு கை கண்ணுக்கு நேரே நீண்டிருக்க, இன்னொரு கை முழங்கைக்குக் கீழே காவல் நிற்கிறது. கண் மட்டும் பிளாஸ்க்கை விட்டு அசையாது. பச்சை நிறம், சிவப்புப் பூப் போட்டது, கழுத்தில் ஒரு நசுங்கல். இவ்வளவு வருஷமாக இவ்வளவு முறைப்பாக முறைக்கப்பட்ட பாத்திரம் தியன்ஜின் நகரத்தில் வேறு கிடையாது. கொஞ்சம் கோழையான பிளாஸ்க்காக இருந்திருந்தால் பயத்திலேயே உள்ளே இருக்கும் தேநீர் ஆறிப்போயிருக்கும்.

இந்த வித்தைக்குப் பெயர் பாகுவா. முஷ்டியால் குத்துவதில்லை, உள்ளங்கைதான் எல்லாம். சதைப் பலம் வேண்டாம், மூச்சும் இடுப்பும் போதும் என்பார்கள். நடுவில் ஒருவன் நிற்பதாக வைத்துக்கொண்டு அவனைச் சுற்றி நடக்க வேண்டும். நடந்துகொண்டே இருக்க வேண்டும். மற்றவர்கள் நடுவில் மரம் வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் கால்வாய்க்கரைப் பூங்காவில் எந்த மரமும் சும்மா இல்லை. ஒரு மரம் உடற்பயிற்சியாக முதுகை மோதிக்கொள்கிறவர்களுக்கு. ஒன்று பறவைக்கூண்டு மாட்டுகிறவர்களுக்கு. இன்னொன்றில் கல்யாணமாகாத பிள்ளைகளின் வயதையும் சம்பளத்தையும் எழுதித் தொங்கவிட்டுப் பெற்றோர்கள் காத்து நிற்கிறார்கள். பியனுக்கு மிஞ்சியது கழிப்பறைக்குப் பின்னால் இருக்கும் வெற்றிடம். அங்கே அவர் நடந்த வட்டத்தில் புல் தன் ஆசையை விட்டுவிட்டது. மழை பெய்தால் அது வளையமாகத் தண்ணீர் பிடிக்கும். ஒரு கோடையில் தவளை ஒன்று அதில் குடித்தனம் வைத்ததென்றும், அதன் குஞ்சுகள் கடைசிவரை ஒரே திசையில்தான் நீந்தினவென்றும் தோசைக்காரி மெங் சத்தியம் செய்வாள்.

செருப்புத் தைக்கும் பிழைப்பு பூங்கா வாசலில். கையால் சுற்றுகிற தையல் மெஷின், டயர்த் துண்டுகள், பசை டப்பா, இரண்டு மடக்கு நாற்காலிகள். ஒன்று அவருக்கு, மற்றது ஒற்றைக் கால் ஷூவோடு காத்திருப்பவர்களுக்கு. ஆணிகளை உதட்டில் இடுக்கிக்கொண்டேதான் பேசுவார். அதனால் அவர் சொல்வது எதுவும் கொஞ்சம் குத்தலாகவே காதில் விழும்.

“உங்க வீட்டுக்காரர் நாற்காலிக்கு அடியில காலை ஆட்டிக்கிட்டே இருக்கார் அக்கா. குதிகால் புதுசு, முனை மட்டும் தேஞ்சிருக்கு. சீட்டாட்டம்தானே?”

“அதுவும் ஜெயிச்சுத் தொலைச்சாலாவது பரவாயில்ல!” என்று அந்த அக்கா தலையில் அடித்துக்கொள்வாள். இந்த ஊரில் பெண் என்றால் அக்காதான். பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் அக்கா, பல் போன கிழவியும் அக்கா.

ஊரார் கால்களை இப்படிப் படிக்கிறவருக்குத் தன் கால் மட்டும் கட்டுப்படாது. வட்டத்திலேயே பழகிய கால்கள் நேர்ச் சந்தில் நேராகப் போவதில்லை. வீட்டிலிருந்து கிளம்பினால் மெதுவாக இடப்பக்கம் வளைந்து, எதிர்வீட்டு முட்டைக்கோசுக் குவியலைத் தொட்டுவிட்டுத்தான் தெருவுக்கு வருவார். “இவரை நேரா பீஜிங்குக்கு நடக்க விட்டா சாயங்காலம் இங்கயே வந்து நிப்பார்” என்பது தெருவின் கணிப்பு.

சட்டைப் பையில் எப்போதும் ஒரு முட்டை இருக்கும். அது வித்தைக்காக இல்லை, வயிற்றுக்காக. மெங்கின் கல்லில் பாசிப்பயற்று மாவை ஊற்றியதும் அவரவர் முட்டையை அவரவரே எடுத்து நீட்டுவதுதான் இங்கே வழக்கம். கடைக்காரி முட்டையை யார் நம்புவது? பியன் முட்டையோடு வந்து, முட்டையோடு வட்டம் சுற்றி, முட்டை உடையாமல் தோசைக்கல்லுக்குப் போய்ச் சேர்வார். வரிசையில் முன்னால் நிற்பவர்கள் வீட்டுக்கு மூன்று, நாலு என்று நீட்டுவார்கள். இவர் முறை வந்தால் மெங் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டாள். “ஒத்த முட்டை அண்ணன் வந்தாச்சா?” என்று கையை மட்டும் நீட்டுவாள்.

ஒற்றை முட்டைக்குக் காரணம் உண்டு. மனைவி குய்ஷியா, பேரனை வளர்த்துக் கொடுக்கத் தெற்கே ஷென்ஜென்னில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனவள். அந்தப் பேரன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். இரண்டாவது ஒன்று பிறந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் முகம் காட்டுவாள்.

“சாப்பிட்டியா?”

“ஆச்சு.”

“இன்னும் அந்த பிளாஸ்க்கைத்தான் சுத்திக்கிட்டிருக்கியா?”

“ஆமா.”

“நானும் இங்க ஒண்ணைச் சுத்திக்கிட்டுத்தான் இருக்கேன். உன்னுதுக்கு மூடியாவது இருக்கு. இது வாயை மூடவே மாட்டேங்குது.”

இரண்டு பேரும் சிரிப்பார்கள். பிறகு பேரன் போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவான். பியனுக்குக் கொஞ்ச நேரம் அந்த வீட்டின் கூரை தெரியும், அப்புறம் அதுவும் தெரியாது.

வித்தை அவரிடம் வந்தது ஒரு பூட்ஸுக்குள் இருந்து. யாரோ குளிர்காலப் பூட்ஸ் ஒன்றை அடித்தோல் மாற்றக் கொடுத்துவிட்டுத் திரும்பி வரவேயில்லை. வடிவம் கெடாமலிருக்க இடதுகால் பூட்ஸில் செய்தித்தாளைத் திணித்திருந்தார்கள், வலதுகாலில் ஒரு புத்தகத்தை. அட்டை கிழிந்துபோயிருந்தது. எழுதியவர் பெயரும் அட்டையோடு போய்விட்டது. உள்ளே படம் படமாக ஒரு மனிதர் கையை நீட்டி, மடக்கி, சுழற்றி நின்றிருந்தார். வியாபாரம் இல்லாத ஒரு மத்தியானம் பியன் எழுந்து நின்று அந்தக் கையைப் போலத் தன் கையை வைத்துப் பார்த்தார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. பூட்ஸ்காரர் வந்து கேட்டால் கொடுத்துவிட வேண்டுமே என்று சில மாதங்கள் தெருவைப் பார்த்தபடியே படித்தார். யாரும் வரவில்லை.

புத்தகத்தில் ஒரு வில்லங்கம் இருந்தது. படத்து மனிதர் தரையைத் தொடும் நீள அங்கி போட்டிருந்தார். பக்கத்துக்குப் பக்கம் கை தெரிந்தது, முகம் தெரிந்தது, அங்கியின் பொத்தான்கூடத் தெரிந்தது. கால் மட்டும் தெரியவில்லை. வித்தை முழுவதும் காலில் இருக்கிறது என்று எழுதிவிட்டுக் காலை மறைத்துப் படம் எடுத்தால் என்ன செய்வது? ஊரில் எல்லார் காலையும் தெரிந்தவருக்கு வேண்டிய ஒரு ஜோடிக் கால் மட்டும் அங்கிக்குள் இருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்தும் பார்த்தார் என்று கேள்வி.

எழுத்தில் ஒரே ஒரு துப்பு இருந்தது: சேற்றில் நடப்பதுபோல் நடக்கவும். இந்த ஊரில் இருக்கிறதெல்லாம் சிமெண்ட். எனவே பியன் தன் குடியிருப்பின் முற்றத்து மண்ணில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிச் சேறு தயாரித்தார். அது டிசம்பர் மாதம். விடிந்து பார்த்தால் சேறு இல்லை, முற்றம் முழுக்க உறைந்த கண்ணாடி. கீழ்வீட்டுக்காரர் ராத்திரிச் சிறுநீர்ச் சட்டியைக் கொட்ட வாசலில் காலை வைத்தவர், சட்டி ஒரு சொட்டும் சிந்தாமல் நேரே தெருக்கதவு வரைக்கும் வழுக்கிப் போய், கதவைத் திறந்துகொண்டு வெளியேறியதாகப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அன்றைக்கு அவர் திட்டிய திட்டுக்கே பாதி பனி உருகிவிட்டது. அதற்குப் பிறகுதான் பியன் பூங்காவுக்கு வந்தார்.

பூங்காவின் தாமரைக் குளத்துப் பக்கம் பாகுவாக்காரர்கள் ஒரு கூட்டமாக இருக்கிறார்கள். அவர்களுக்குத் தலைவன் மாதிரி ஹாவ் தாஹாய். ஓய்வுபெற்ற மீன் வியாபாரி, பேசினால் கால்வாயின் அக்கரைக்குக் கேட்கும். முதல் வாரத்திலேயே பியனை நடக்கவிட்டுப் பார்த்தார்.

“அண்ணே, நடை கொஞ்சம் ஒருமாதிரி இருந்தாலும் கை பிரமாதம். யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?”

இந்த வித்தை உலகத்தில் முதல் கேள்வி இதுதான். பெயர் கேட்பதற்கு முன் வாத்தியார் பெயர் கேட்பார்கள். வாத்தியாருக்கு வாத்தியார், அவருக்கு வாத்தியார் என்று ஏணி வைத்து ஏறி ஆதி ஆசான் வரைக்கும் போய்த் தொட்டால்தான் ஆள் என்று மதிப்பு. புத்தகம் என்று சொல்லலாம்தான். ஆனால் அப்படிச் சொன்ன கணக்கு வாத்தியார் ஒருவரைப் பியன் அந்த வாரமே பார்த்திருந்தார். அந்த மனிதர் கையைத் தூக்கும்போதெல்லாம் கூட்டமே சேர்ந்து, “சார், பக்கத்தைத் திருப்புங்க சார்!” என்று கத்தியது. மறுவாரம் அவர் வரவில்லை.

பியன் வாயைத் திறந்தார். அவருக்குத் தெரிந்து அந்தப் புத்தகத்தில் மிச்சமிருந்த பெயர் ஒன்றே ஒன்று. கடைசிப் பக்கத்தின் மூலையில், எறும்பு சைஸில், ‘பிழை திருத்தியவர்: தோங் ஜிங்போ’.

“தோங் ஜிங்போ” என்றார்.

ஹாவ் ஒரு கணம் விழித்தார். தெரியாது என்று சொல்வதைவிடக் கால்வாயில் குதிப்பதே மேல் என்று நினைக்கிற ஊர் இது.

“அட, தோங் ஜிங்போவா! முன்னாடியே சொல்லக் கூடாதா? எங்க தாத்தா அவரை நேர்ல பார்த்திருக்கார்யா. சந்தையில ஒரு கழுதையைச் சுத்தி நடந்தாராம். நடந்த நடையில கழுதைக்குத் தலை சுத்தி உக்காந்துடுச்சாம்!”

கழுதை உட்கார்ந்த பிறகு கதை நிற்குமா? அடுத்த வாரம் தோங் வாத்தியார் ஆவி பறக்கும் மாவுருண்டைகள்மேல் நடந்தார், ஒன்றும் நசுங்கவில்லை. அதற்கடுத்த வாரம் மழையில் வட்டம் சுற்றினார், வட்டத்துக்குள் நனையவில்லை. பியன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்து நின்றார். அதையும் அடக்கம் என்று எழுதிக்கொண்டார்கள். வீட்டுக்குப் போனபோது, தனக்கும் ஒரு வாத்தியார் இருப்பதுபோல அவருக்கே தோன்ற ஆரம்பித்தது. புத்தாண்டன்று கடைசிப் பக்கத்தைத் திறந்து வைத்து, முன்னால் ஒரு கோப்பைத் தேநீர் ஊற்றி வணங்கினார். இன்றுவரை வணங்குகிறார். ஆறிய பிறகு அந்தத் தேநீரை அவரேதான் குடிக்க வேண்டியிருக்கிறது.

அந்தப் பெயரால் அவருக்கு மரியாதை கிடைத்தது. எதிரே வந்தால் வழிவிட்டார்கள், சிகரெட் நீட்டினார்கள், “தோங் வாத்தியார் ஆளு” என்று புதியவர்களுக்குக் காட்டினார்கள். கிடைக்காமல் போனது ஒன்றுதான். புத்தகத்தின் கடைசி அத்தியாயம், ‘இனி வருவதை இருவர் சேர்ந்து செய்க’ என்று தொடங்குகிறது. ஒருவர் நடுவில் நிற்க வேண்டும். மற்றவர் சுற்ற வேண்டும். நடுவில் நிற்பவரும் அவரோடு திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு மணிக்கட்டோடு மணிக்கட்டு சேர வேண்டும். பியன் பலமுறை கேட்டுப் பார்த்தார்.

“ஹாவ், ஒருதரம் நடுவுல வந்து நில்லேன்.”

“ஐயோ அண்ணே, ஆளை விடுங்க! கழுதையையே உக்கார வெச்ச கை. எனக்குப் பேத்தி கல்யாணம் பார்க்கணும்.”

குளத்தடியில் எல்லாரும் ஜோடி ஜோடியாகக் கை சேர்த்துத் தள்ளிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருப்பார்கள். இவர் கழிப்பறைக்குப் பின்னால் போய் பிளாஸ்க்கைத் தரையில் வைப்பார்.

இப்படியே போயிருக்கும். குளிர்காலத்துக்குச் சேர்த்துவைக்கும் முட்டைக்கோசு வீட்டு ஜன்னல்களில் ஏறத் தொடங்கிய ஒரு காலை, ஹாவின் மீன்வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு பூங்காவுக்குள் வந்தது. மூன்று சக்கர பேட்டரி வண்டி. மீன்பெட்டி வைக்கிற இடத்தில் ஒரு நாற்காலி, நாற்காலியில் பூப்போட்ட ரஜாய்ப் போர்வை, ரஜாய்க்கு மேலே ஊதா நிறக் கம்பளித் தொப்பி, தொப்பிக்குக் கீழே தடித்த மூக்குக்கண்ணாடி. குளத்துக் கூட்டம் முழுவதும் பின்னாலேயே நடந்து வந்தது.

“பியன் அண்ணே! சுத்துனது போதும், நில்லுங்க! யாரைக் கொண்டாந்திருக்கேன் பாருங்க!”

பியன் நின்றார்.

“எங்க கொழுந்தியா வயசானவங்களுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கறா இல்ல? வடக்குக் கரை அடுக்குமாடியில ஒரு கதவுல இந்தப் பேரு! வயசும் சரியா இருக்கு. புத்தகம் போடற இடத்துல வேலை பார்த்தாங்களாம், வித்தைப் புத்தகமும் போட்டிருப்பாங்க. வித்தைக்காரங்க இல்லாம வேற யாரு? இத்தனை நாளா ஆம்பளைன்னு நெனச்சோமேய்யா! ஏன் அண்ணே ஒரு வார்த்தை சொல்லல?” ஹாவ் ரஜாயை விலக்கி, தாயைப் பிள்ளைக்குக் காட்டுவதுபோல் கையை விரித்தார். “தோங் வாத்தியாரக்கா! இதோ உங்க சிஷ்யன். அடையாளம் தெரியுதா?”

பியனின் கை அவருக்குத் தெரியாமலே சட்டைப் பைக்குள் போயிருந்தது. அத்தனை வருஷம் எத்தனையோ திருகலிலும் சுழலிலும் கீறல் விழாமல் இருந்த முட்டை அவர் உள்ளங்கையில் நொறுங்கியது.

கிழவி கண்ணாடியைத் தூக்கிவிட்டு அவரை மேலிருந்து கீழே பார்த்தாள். “எனக்கு ஏதுப்பா சிஷ்யன்? நான் அச்சாபீசுல பிழை திருத்தினவ. ஆயுசு பூரா கமா வெச்சேன், கமா எடுத்தேன். ஒரு கொசுவைக்கூட அடிச்சதில்ல.”

ஹாவ் தொடையில் தட்டிச் சிரித்தார். “பார்த்தீங்களா! பெரிய கை எப்பவும் இப்படித்தான் மறைக்கும். எங்க தாத்தா சொல்லுவார்!”

கூட்டம் தலையாட்டியது. பியனுக்குப் புரிந்தது. அவர் ஒன்றும் செய்யவேண்டியதில்லை. இன்னும் கொஞ்ச நேரம் வழக்கம்போல் தலையைக் குனிந்து நின்றால் போதும். கிழவி எவ்வளவு மறுக்கிறாளோ அவ்வளவுக்குக் கதை பெரிதாகும். நாளைக்கு அவள் வண்டியிலிருந்து பறந்து இறங்கியதாகச் சொல்வார்கள். பெயரும் நிலைக்கும், சிகரெட்டும் தொடர்ந்து வரும்.

கிழவி ரஜாயை மறுபடி கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். “அப்போ ஆள் மாறிப்போச்சா?” என்றாள். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. “கதவைத் தட்டி, ஒருத்தர் உங்களையே நெனச்சுக்கிட்டிருக்கார், வாங்கன்னு சொன்னாங்க. யாரு எவருன்னு கேட்டா, ஐயோ தப்பான வீடுன்னு போயிடுவாங்களோன்னு நானும் கேக்கல. சரிப்பா. திருப்பிக் கொண்டுபோய் விட்டுடுங்க.”

“ஆள் மாறல” என்றார் பியன்.

எல்லாரும் திரும்பினார்கள். உதட்டில் ஆணி இல்லாமல் அவர் பேசி அவர்கள் அதிகம் கேட்டதில்லை.

“இவங்க பேருதான். ஆனா வாத்தியார் இல்ல. எனக்கு வாத்தியாரே இல்ல. புத்தகத்தைப் பார்த்துத்தான் கத்துக்கிட்டேன். அதுல கடைசிப் பக்கத்துல இவங்க பேரு இருந்துது. வேற பேரு இல்ல.”

கழிப்பறைக் குழாய் சொட்டுவது கேட்டது. பிறகு பின்னாலிருந்து ஒரு குரல், “சார், பக்கத்தைத் திருப்புங்க சார்!” என்றது. அவ்வளவுதான், கூட்டம் வெடித்தது. “பிழை திருத்தினவங்ககிட்ட வித்தை கத்துக்கிட்டவனா நீ? அப்படின்னா உன் கால் மட்டும் ஏன்யா திருந்தல?” என்றான் ஒருவன். “அப்போ அந்தக் கழுதை?” என்று இன்னொருவன் கேட்டான்.

ஹாவ் சிரிக்கவில்லை. “தலை சுத்தி உக்காந்த கழுதை நாமதான்டா” என்றார். பியனிடம் வந்து குரலைத் தாழ்த்தினார். ஹாவ் குரலைத் தாழ்த்தியதே அன்றைக்கு ஓர் அதிசயம். “எங்க தாத்தாவை இழுத்தேன், மாவுருண்டையை இழுத்தேன். வாரா வாரம் உங்க முன்னாடியே சொன்னேன் அண்ணே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. கேட்டுக்கிட்டு நின்னீங்களே.”

பைக்குள் இருந்த கையைப் பியனால் எடுக்க முடியவில்லை.

“வாங்கடா சாப்பிடப் போகலாம்” என்றார் ஹாவ். “அக்கா, கொஞ்சம் உக்காந்திருங்க. தோசை வாங்கிட்டு வந்து கொண்டுபோய் விடறேன்.” கூட்டம் சிரித்துக்கொண்டே போனது. மெங்கின் கல் பக்கத்திலிருந்து இன்னொரு சிரிப்பலை கிளம்பி வந்தது. அங்கேயும் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது.

கழிப்பறைக்குப் பின்னால் கிழவியும் பியனும் மீன் வாடையும் மட்டும் இருந்தார்கள்.

“தம்பி” என்றாள் கிழவி. “உன் சட்டையிலிருந்து என்னமோ ஒழுகுது.”

“முட்டை.”

“அவிச்சதா?”

“பச்சை.”

“அடப் பாவமே” என்று அவள் கைக்குட்டையை எடுத்து நீட்டினாள். மஞ்சள் அவர் கால்சட்டை வழியாக இறங்கி ஷூவுக்குள் போய்க்கொண்டிருந்தது. அவர் துடைத்தார், துடைத்ததில் இன்னும் பரவியது. அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள். “அது எந்தப் புத்தகம்?”

மறுபக்கத்துப் பையிலிருந்து பியன் அதை எடுத்துக் கொடுத்தார். டயர் ரப்பரில் அவரே அட்டை தைத்திருந்தார். கிழவி முன்பக்கம் எதையும் பார்க்கவில்லை, நேரே கடைசிப் பக்கத்துக்குப் போனாள். விரல் மூலையில் போய் நின்றது.

“இது யார் கண்ணுக்கும் படாது” என்றாள். “எழுதினவன் பேரைப் படிப்பாங்க, விலையைப் படிப்பாங்க. என் பேரை எப்போ தேடுவாங்க தெரியுமா? உள்ளே ஒரு தப்பு இருந்தா. யாரு இந்தக் குருடின்னு பார்க்கறதுக்கு. தப்பு இல்லைன்னா நான் இல்ல.” பக்கத்தைக் கண்ணுக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோனாள். “இந்தத் தேத்தண்ணிக் கறை எப்படி வந்துது?”

பியன் தரையைப் பார்த்தார். “புத்தாண்டுக்கு... ஒரு கோப்பை வைப்பேன். ஒருதரம் கை தவறிடுச்சு.”

“இந்தப் பேருக்கா?”

“ஆமா.”

கிழவி கண்ணாடியைக் கழற்றி ரஜாய் முனையில் துடைத்தாள். துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்தாள்.

பியன் தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டார். வேறு யாரிடம் கேட்பது? “அக்கா, அந்த அங்கிக்குள்ள கால் எப்படி இருந்துது?”

“எனக்கு எப்படித் தெரியும்? நான் எழுத்தைப் பார்க்கறவ. படத்துக்கு வேற ஆள்.” பிறகு அவள் வாய் ஒரு பக்கமாகக் கோணியது, சிரிப்புதான். “ஆனா போட்டோ பிடிச்ச பையன் சொன்னது ஞாபகம் இருக்கு. அன்னிக்கு ஸ்டூடியோவில கொல்லற குளிராம். அந்த மனுஷனுக்குக் காலெல்லாம் பனிவெடிப்பு. பஞ்சு அடைச்ச வீட்டுச் செருப்பு போட்டுக்கிட்டு நின்னாராம். அதை மறைக்கத்தான் அங்கி. நடக்கவே இல்ல தம்பி. நின்ன இடத்துலயே கையை மாத்தி மாத்திப் படம் எடுத்தாங்க.”

பூதக்கண்ணாடி, விளக்கு, டிசம்பர் மாதச் சேறு எல்லாம் பியன் முகத்தில் வந்து போயின. அவருக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கு வழியாக வந்தது, பிறகு தோள் குலுங்கியது. கிழவியும் சேர்ந்துகொண்டாள். இரண்டு பேரும் சிரித்து முடித்ததும் கழிப்பறைக் குழாய் மறுபடி கேட்டது.

“புத்தகம் முழுசும் செஞ்சிட்டியா?”

“கடைசி அத்தியாயம் மட்டும் இல்ல.”

“ஏன்? அதுலயும் முட்டை உடைஞ்சிடுமா?”

“அதுக்கு ரெண்டு பேர் வேணும்.”

அவள் தலையசைத்தாள். “தெரியும். அதை எத்தனை தரம் படிச்சிருக்கேன்.” தெருப் பக்கம் பார்த்தாள். ஹாவைக் காணோம், மெங்கின் கல்லைச் சுற்றி இன்னும் சிரிப்புதான். “சரி, அவன் வர்றதுக்குள்ள நடந்து காட்டு. நான் படிச்சதை ஒருத்தரும் செஞ்சு பார்த்ததில்ல.”

பியன் பிசுபிசுத்த கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். வட்டத்தின் ஓரத்துக்குப் போய்க் குனிந்து, பிளாஸ்க் நடுவில் சரியாக நிற்கிறதா என்று பார்த்து, அதற்கு வணக்கம் வைக்கக் கையைப் பொத்தினார்.

“நில்லு” என்றாள் கிழவி.

ரஜாய் வண்டியில் விழுந்தது. கைத்தடியை முதலில் இறக்கி, பிறகு ஒரு காலை, பிறகு மறு காலை இறக்கினாள். புல் முளைக்காத வளையத்தைத் தாண்டி உள்ளே வந்தாள். குனிந்து பிளாஸ்க்கை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அது இருந்த இடத்தில் தடியை ஊன்றி நின்றாள்.

பியன் அவளுக்கு வணக்கம் வைத்தார். முதல் அடி எடுத்து வைத்தார். அவர் நகர நகர, ஊதாத் தொப்பியும் கொஞ்சம் கொஞ்சமாக அவரோடு திரும்பியது.